சீல் உடைந்த எஞ்சின்

மரப்பெட்டி எங்கள் ஷெட் வாசலில் வந்து இறங்கியது வரை எழுதியிருந்தேன். நடுவில் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் கணவர் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டுகிறவராக இருந்தார். அவருடைய தம்பியை வீட்டில் எல்லோரும் சின்னவன் என்போம். அந்தக் கார்களை ஓட்டுவது அவன். அண்ணனுக்குப் பதினான்கு வயது இளையவன், எங்களுக்குப் பாதி மகன்.

மலைப்பாதைப் பந்தயத்துக்காக இவர் எட்டு மாதமாகக் கையால் ஒரு எஞ்சின் கட்டிக்கொண்டிருந்தார். அது முடிவதாகக் காணோம். பொறுத்துப் பார்த்துவிட்டு, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கட்டி முடித்து சீல் வைத்த எஞ்சின் ஒன்றை வாங்கிவிட்டான் சின்னவன்.

அன்று வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை கார் பரிசோதனைக்குப் போய் நிற்க வேண்டும். அதற்குள் இரண்டில் ஒரு எஞ்சின் காருக்குள் இறங்கியாக வேண்டும். எது என்பதுதான் வழக்கு.

இவர் பெட்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். குனிந்து ஓரத்தைத் தடவினார்.

"ஆணி அடிச்ச இடத்துல ரெண்டு ரெண்டு ஓட்டை இருக்கு. இதை ஒரு தடவை திறந்து மூடியிருக்காங்க."

"வர்ற வழியில சோதனைக்குத் திறந்திருப்பாங்க அண்ணா."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கான் பாரு" என்று என்னிடம் சொன்னார்.

பெட்டிக்குள் எஞ்சினோடு ஒரு தாள் இருந்தது. எத்தனை சுற்றில் எவ்வளவு சக்தி என்று கோடு போட்டுக் காட்டிய சோதனைத் தாள். இவர் அதை வாங்கி ஒரு நொடி பிடித்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

"இது இந்த எஞ்சினோட தாள்தான்னு யாரு கண்டா? எண்ணைப் பாரு."

பார்த்தேன். தாளில் இருந்த எண்ணும் எஞ்சினில் வெட்டியிருந்த எண்ணும் ஒன்றுதான். சொன்னேன். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

சின்னவனின் மனைவி, என் ஓரகத்தி, மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகிற வழியில் கூடவே வந்திருந்தாள். தண்ணீர் குடிக்கும் சாக்கில் என்னைச் சமையலறைக்கு இழுத்தாள்.

"அக்கா, நான் சொன்னா உங்களுக்குக் கோபம் வரும். பெரியவர் வேணும்னேதான் இழுக்கறார்."

"எதை?"

"அந்த எஞ்சினை. மூணு தடவை கட்டி, மூணு தடவை பிரிச்சாச்சு. இவர் மலையில வண்டி ஓட்டறது அவருக்குப் பிடிக்கல. வாயைத் திறந்து போகாதேன்னு சொல்லவும் மனசில்ல. அதான் எஞ்சின் முடியவே மாட்டேங்குது."

நான் டம்ளரைக் கழுவினேன். கோபம் வரவில்லை. அதே சந்தேகம் எனக்கும் இரண்டு மாதமாக இருந்தது. மூன்று முறையும் எல்லா அளவும் சரியாக இருந்ததை நோட்டில் எழுதியவளே நான்தான். சரியாக இருப்பதை ஒருவர் ஏன் பிரிக்க வேண்டும்?

அவர் வேலை செய்கிற முறையைச் சொல்ல வேண்டும். எந்த போல்ட்டை இறுக்குவதற்கு முன்னும் "எண்?" என்று கேட்பார். அது எத்தனை இறுக்கம் வாங்க வேண்டும் என்று நோட்டைப் பார்த்து நான் படிப்பேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லி, அளவு வைத்த ஸ்பேனரை அந்த எண்ணில் நிறுத்தி, இறுக்குவார். அளவு எட்டியதும் ஸ்பேனர் 'டிக்' என்று சொல்லும். நான் நோட்டில் ஒரு கோடு போடுவேன். இருபது வருடம் இப்படித்தான். வேறு தம்பதிகள் என்னென்னவோ பேசியிருப்பார்கள். நாங்கள் எண் பேசினோம்.

திரும்பி வந்தபோது ஷெட்டில் குரல் ஏறியிருந்தது.

"உள்ளே என்ன இருக்குன்னு தெரியாம ஒரு எஞ்சினை வண்டியில வைக்க விடமாட்டேன்டா. அடியைத் திற, பார்க்கலாம்."

"திறந்தா சீல் போயிடும் அண்ணா. சீல் போனா கேரண்டி போச்சு. திருப்பியும் எடுத்துக்க மாட்டான்."

"திறந்து பார்க்கக் கூடாதுன்னு ஒருத்தன் சொன்னான்னா, பார்த்தா தெரியற மாதிரி ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

"எட்டு மாசமா ஸ்டாண்டுல தொங்குதே ஒண்ணு, அதைத் தினமும் திறந்துதான் பார்க்கறீங்க. பிறந்தநாளே வரப்போகுது அதுக்கு. இன்னும் ஒரு தடவை இருமக்கூட இல்லை."

ஓரகத்தி சிரித்துவிட்டாள். இவர் சிரிக்கவில்லை.

"அவசரமா ஓடற எஞ்சின் அவசரமாத்தான் நிக்கும்."

சின்னவன் பெட்டியையும் ஸ்டாண்டையும் மாறிமாறிப் பார்த்தான்.

"சரி அண்ணா. இதையும் திறப்போம், உங்களோடதையும் திறப்போம். பக்கத்துல பக்கத்துல வெச்சு அண்ணி படிக்கட்டும். எது சரியா இருக்கோ அது வண்டிக்கு. அப்புறம் யாரும் ஒண்ணும் பேசக் கூடாது."

"என்னோடதுல பார்க்க என்ன இருக்கு?"

"அப்ப பயமென்ன?"

அந்தச் சொல் அவரை உசுப்பிவிட்டது. "திற" என்றார்.

செயின் பிளாக்கில் தூக்கி, வந்த எஞ்சினை இன்னொரு ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டினார்கள். அடியில் எண்ணெய்த் தொட்டியின் இரண்டு போல்ட்டுகளைக் கோத்து ஒரு கம்பி, கம்பியில் ஈய முத்திரை. சின்னவனே கட்டரை எடுத்து அறுத்தான். முத்திரை தரையில் விழுந்ததை ஓரகத்தி பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "எதுக்கு?" என்றேன். "இருக்கட்டும் அக்கா. நாளைக்கு யாரு என்ன சொல்வாங்களோ" என்றாள். அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

தொட்டியைக் கழற்றினால் மூடும்போது எண்ணெய் கசியாமல் இருக்கப் புது கேஸ்கெட்டும் பசையும் வேண்டும். அவற்றை வாங்க சின்னவன் ஸ்கூட்டரில் போனான்.

ஷெட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

எஞ்சினின் வயிறு திறந்து கிடந்தது. பிஸ்டன்களைத் தாங்கும் நான்கு ராடுகளும் சுழலும் தண்டான கிராங்கைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ராடின் அடியிலும் ஒரு மூடி, மூடிக்கு இரண்டு போல்ட். எண்ணெய் பூசிப் பளபளத்தன. தூசி இல்லை, கீறல் இல்லை.

"வெளியில பளபளன்னுதான் இருக்கும்" என்றார். "உள்ளே இடைவெளி எவ்வளவு விட்டிருக்கான்னு பார்க்கணும்."

முதல் ராடின் மூடியைக் கழற்றினார். மெழுகு நூலில் ஒரு துண்டை உள்ளே வைத்து, மூடியை இறுக்கி, மறுபடி கழற்றினார். நூல் நசுங்கிப் பட்டையாகியிருந்தது. பட்டை எவ்வளவு அகலமோ அதை வைத்து இடைவெளி தெரியும். அளவுத்தாளை என்னிடம் கொடுத்தார்.

"படி."

படித்தேன். இருக்க வேண்டிய அளவேதான். இரண்டாவது ராடையும் அப்படியே பார்த்தார். அதுவும் சரி.

விரல்களில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். "யாரோ நிதானமானவன் கட்டியிருக்கான்" என்றார். அதைச் சொல்வது அவருக்குச் சுலபமாக இல்லை.

மூடிகளைத் திருப்பி வைத்தார்.

"எண்?"

"ஐம்பது."

"ஐம்பது." ஸ்பேனரின் பிடியைத் திருகினார். இறுக்கினார். டிக். நான்கு போல்ட்டுகளுக்கு நான்கு டிக். வேலை முடிந்ததும், ஸ்பிரிங் கெடாமல் இருக்க, பிடியைத் தளர்த்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். அது அவருடைய பழக்கம்.

சின்னவன் வந்ததும் முதலில் கேட்டது: "என்ன அண்ணா, ஏதாவது சிக்கிச்சா?"

"பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. மூடு."

கழற்றிப் பார்த்ததாக அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. சின்னவன் பசை தடவித் தொட்டியை மூடினான்.

அடுத்தது எங்களுடையது.

இவர் பேசாமல் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினார். நான் கைவிளக்கைப் பிடித்தேன். ராடுகளின் பக்கவாட்டில் எண் வெட்டியிருக்கும். ராடில் ஒன்று என்றால் மூடியிலும் ஒன்று இருக்க வேண்டும். ராடையும் மூடியையும் சேர்த்து வைத்துத்தான் துளை கடைந்திருப்பார்கள். ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. சேர்ந்த மாதிரி இருக்கும், வட்டம் சரியாக இராது. அப்படியே ஓட்டினால் வேகம் ஏறும்போது பிடித்துக்கொண்டு, ராட் முறிந்து எஞ்சினைப் பிளந்துகொண்டு வெளியே வரும். வேலைக்கு வந்த முதல் வாரமே யாரும் கற்றுக்கொள்கிற பாடம் அது.

"படிங்க அண்ணி" என்றான் சின்னவன்.

"ஒண்ணுக்கு ஒண்ணு."

"அடுத்தது."

"ரெண்டு."

"மூடி?"

விளக்கை நெருக்கிப் பிடித்தேன். துணியால் துடைத்துப் பார்த்தேன். மூன்றாவது ராடையும் பார்த்தேன். பிறகு மறுபடி இரண்டாவதுக்கு வந்தேன்.

சரி என்று சொல்லிவிட நாக்கு எழுந்தது. சொன்னால் இந்த எஞ்சின்தான் காருக்குப் போகும், அதற்குமேல் இவர் விடமாட்டார். அதை வைத்துக்கொண்டு சின்னவன் மலை ஏறுவான்.

"ரெண்டாவது ராடுல மூணாம் மூடி" என்றேன். "மூணாவதுல ரெண்டாம் மூடி."

சின்னவன் குனிந்து எட்டிப் பார்த்தான்.

"உளறாதே" என்றார் இவர். விளக்கை என் கையிலிருந்து வாங்கினார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, தூரத்தில் பிடித்து, பிறகு கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலால் எண்ணைத் தடவினார்.

"எங்க? ரெண்டுலதானே ரெண்டு இருக்கு. இதோ."

அவர் விரல் இருந்த இடத்தில் மூன்று என்று இருந்தது. நகத்தளவு எழுத்து, சுத்தமாக, பளிச்சென்று.

சின்னவன் அந்த விரலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். காலையிலிருந்து அவன் முகத்தில் இருந்த கேலி ஒரே நொடியில் எங்கோ போய்விட்டது.

இவருக்கு எங்கள் மௌனம் எட்டியது. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்ல மாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். விளக்கைக் கீழே வைத்தார்.

"அப்படின்னா நான் மாட்டினது இல்லை இது. யாரோ பிரிச்சு மாட்டியிருக்காங்க." தம்பியின் பக்கம் திரும்பினார். "யாருடா தொட்டது?"

சின்னவன் இரண்டு கைகளையும் பேண்டில் துடைத்துக்கொண்டான்.

"நான்தான்."

"என்ன?"

"நான்தான் அண்ணா. போன மாசம். நீங்க முடிச்சிட்டே முடியலன்னு சொல்றீங்களோன்னு சந்தேகம். பிரிச்சுப் பார்த்தேன். திருப்பி மாட்டும்போது மாறிப்போச்சு போல."

ஷெட்டுக்கு ஒரே சாவி. அது என்னிடம் இருக்கும். போன மாதம் முழுக்க அவன் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நான் வாயைத் திறந்தேன். அவன் தலையை லேசாக, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, ஆட்டினான். வேண்டாம்.

என் கணவர் இப்போது உயிரோடு இல்லை. அந்தத் தலையாட்டலுக்கு நான் கட்டுப்பட்டிருக்கக் கூடாது என்று பல நாள் நினைத்திருக்கிறேன். கட்டுப்பட்டேன்.

இவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"உன் பெட்டியை எடுத்துக்கோ. இந்த ஷெட்டுல இனிமே கால் வைக்காதே. கூடப் பிறந்தவன் எஞ்சினைத் திருட்டுத்தனமா திறக்கறவன், நாளைக்கு என்ன வேணா செய்வான்."

"சரி அண்ணா" என்றான். அவ்வளவுதான். அரை மணியில் ஒரு டெம்போவைக் கூட்டிவந்து, டிரைவரும் அவனுமாக எஞ்சினை ஏற்றினார்கள். கார் ஏற்கெனவே அவனுடைய நண்பன் ஒருவனின் ஷெட்டில் நின்றிருந்தது. அது எந்த இடம் என்று நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை. கிளம்பும்போது என்னிடம், "அண்ணி, கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை..." என்று ஆரம்பித்து, இவர் பார்ப்பதைக் கண்டதும் நிறுத்திவிட்டு ஏறிக்கொண்டான்.

மாலை ஆறு மணி வரை இவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கொண்டுவைத்த காப்பி ஆறி ஆடை கட்டியது.

நான் எனக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் நோட்டை மட்டும்தான் நான் படிப்பேன். பிறகு மைக்ரோமீட்டரைப் படிக்கச் சொன்னார். பிறகு மெழுகு நூல். பிறகு பார்சலில் வரும் பாகங்களின் எண். ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தது. என்னை வேலையில் சேர்த்துக்கொள்கிறார், அருமைதான் என்று நினைத்திருந்தேன். மூன்று முறை பிரித்ததும் தம்பிக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தால் இல்லை. தன் கண் என்ன செய்து வைத்திருக்கிறதோ என்று ஒவ்வொரு முறையும் சந்தேகப்பட்டுத்தான் பிரித்திருக்கிறார்.

"ஷெட் சாவி உன்கிட்டதானே இருக்கும்?" என்றார் திடீரென்று.

"ஆமாங்க."

"அவன் எப்பவாவது கேட்டானா?"

"இல்லை."

தலையைக் குனிந்துகொண்டார். "அவன் நல்லா பொய் சொல்றான்" என்றார். "சின்ன வயசுல இவ்வளவு நல்லா வராது."

நான் அருகில் போய் நின்றேன். அவர் நிமிரவில்லை. தனக்குத்தானே பேசுகிறவர் மாதிரி, "காலையில நாலு போல்ட்டு" என்றார்.

"என்ன?"

"அவன் எஞ்சின்ல. முதல் ராடு, ரெண்டாவது ராடு. நான் கழற்றி மாட்டினேனே. ஐம்பதுன்னு நீ சொன்னே, ஐம்பதுன்னு நானும் சொன்னேன். ஸ்பேனர்ல எண்ணை வெச்சது யாரு?"

அவரே எழுந்து போய்ச் சுவரிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். "நான் வைக்கிறேன். நீ பார்த்துச் சொல்லு. எண்?"

"ஐம்பது" என்றேன்.

"ஐம்பது." பிடியைத் திருகினார். தயங்கவில்லை. இருபது வருடப் பழக்கத்தின் வேகத்தோடு நிறுத்தி என் கையில் கொடுத்தார்.

விளக்கடிக்குக் கொண்டுபோனேன். மெல்லிய கோடுகள், கோட்டுக்குப் பக்கத்தில் எறும்பளவு எண்கள். இரண்டு முறை பார்த்தேன்.

"நாற்பது."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நாற்பதுல இறுக்கினது வேகத்துல நிக்காது" என்றார். "மேட்டுல முழுசா மிதிப்பான். அப்ப விட்டுடும்."

சின்னவனுக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தான். ஓரகத்திக்குச் செய்தேன். நான்காவது மணியில் எடுத்தாள்.

"சின்னவன் எங்க இருக்கான்? எந்த ஷெட்டு?"

"அதைச் சொல்றதா இல்லை அக்கா. அங்கயும் பெரியவர் வந்து நிப்பார்."

"அந்த எஞ்சினை ஓட்ட வேண்டாம்னு சொல்லு. உள்ளே நாலு போல்ட்டு தளர்வா இருக்கு."

அவள் சிரித்தாள், சந்தோஷமில்லாமல். "நல்ல கதை. மத்தியானம் அவரோடது தப்புன்னு ஆச்சு. சாயங்காலம் இவரோடதும் தப்புன்னு ஆயிடுச்சா? கம்பெனிக்காரன் தளர்வா விட்டு சீல் வெச்சானாக்கும். முத்திரை என் பையில இருக்கு அக்கா, காட்டட்டுமா?"

"கம்பெனிக்காரன் இல்லை. கேளு..."

"இந்தப் பந்தயத்துக்கு இவர் போகக் கூடாது, அவ்வளவுதானே உங்களுக்கு? எட்டு மாசமா அதைத்தான் பார்க்கறேன்."

அவளை நம்ப வைக்க ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதை இவர் எதிரில் என்னால் சொல்ல முடியவில்லை.

இவர் கையை நீட்டினார். கொடுத்தேன். கையெல்லாம் எண்ணெய், போனை இரண்டு விரலால் பிடித்தார்.

"நான் பேசறேம்மா" என்றார். "எனக்குக் கண்ணு தெரியலை. ஒரு வருஷமா. காலையில உன் புருஷன் கடைக்குப் போனப்ப அந்த எஞ்சினை நான் கழற்றி மாட்டினேன். தப்பா மாட்டிட்டேன். என் எஞ்சினை அவன் தொடவே இல்லை. என் மானத்துக்காகப் பழியை ஏத்துக்கிட்டுப் போயிருக்கான்."

அந்தப் பக்கம், அவளுக்குப் பின்னால் எங்கோ, ஒரு எஞ்சின் இரண்டு முறை இருமி, மூன்றாவது முறை பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. ஆண்கள் சிலர் கை தட்டினார்கள்.

"மாமா" என்றாள் ஓரகத்தி. குரல் மாறியிருந்தது. "வேலை முடிஞ்சு நான் அந்த ஷெட்டுக்குத்தான் வந்திருக்கேன். சோதனை பார்க்க இப்பவே மேட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னு கிளம்பறார்."

"ஓடும்மா" என்றார் இவர். "வண்டி முன்னாடி போய் நில்லு."

அவள் ஓடுவது கேட்டது. செருப்புச் சத்தம், மூச்சு, அவன் பெயரைக் கூப்பிடுகிற குரல். எல்லாவற்றுக்கும் மேலே அந்த எஞ்சின் சத்தம் ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தது.

இவர் போனைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கியர் மாத்திட்டான்" என்றார்.